பெட்டியைப் பிரிக்காத முப்பத்து மூன்று ஆண்டுகள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறவன் என்று என்னை உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவி தொலைபேசியில் பேசினாள். பெயர் சொல்லமாட்டேன், படித்தால் அவளுக்கே தெரியும். கணவருக்கு ஜெர்மனியில் வேலை. குடும்பத்தோடு போய் எட்டு மாதம் ஆகிறது. "எல்லாம் இருக்கு சார். வீடு கிடைச்சிடுச்சு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. குளிருக்குக்கூட உடம்பு பழகிடுச்சு. ஆனா ஒரு பெட்டியை மட்டும் இன்னும் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்குக் கீழே அப்படியே கிடக்குது. எப்போ சார் ஒரு ஊர் நம்ம ஊர் ஆகும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று வைத்துவிட்டேன். அவள் சொன்ன பெட்டி என் மனதை விட்டுப் போகவில்லை. அதே மாதிரி ஒரு பெட்டி எங்கள் வீட்டிலும் உண்டு. என் அப்பா மலேயாவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பச்சை டிரங்குப் பெட்டி. அவள் கேள்விக்கான பதில் அந்தப் பெட்டியின் கதையில்தான் இருக்கிறது. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாற்றில்தானே பதில் தேடுவான்!

நம் பாடநூலில் கடல் கடந்து போன தமிழர்களைப் பற்றி இரண்டு மூன்று வரிதான் இருக்கும். "ஆங்கிலேயர் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழரை அழைத்துச் சென்றனர்." நானும் அதை அப்படியே நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். போனவர்கள் மறுநாள் காலை எப்படி எழுந்தார்கள், என்ன சமைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு எந்த மொழியில் பேசினார்கள் என்று நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துக்கொள்கிறேன்.

தமிழருக்கும் மலாய் நாட்டுக்கும் தொடர்பு மிகப் பழையது. இன்று நாம் பேசப்போவது ஆங்கிலேயர் காலத்துக் கதை. 1786இல் பினாங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1819இல் சிங்கப்பூரில் கம்பெனியின் துறைமுகம் தொடங்கியது. அதிலிருந்து 1957இல் மலாயா விடுதலை பெறும் வரை இந்தியாவிலிருந்து அங்கே போய் இறங்கியவர்கள் 40 லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பாலோர் தமிழர். ஒரே ஆள் இரண்டு மூன்று முறை போய் வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. போனவர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வந்துவிட்டார்கள். அங்கேயே வாழ்ந்து முடிப்பது என்று நினைத்துக் கப்பல் ஏறியவர்கள் மிகக் குறைவு. நாலு காசு சேர்த்து, அடமானம் வைத்த நிலத்தை மீட்டு, தங்கச்சிக்குக் கல்யாணம் முடித்து, திரும்பி வந்துவிட வேண்டும் என்றுதான் எல்லாரும் போனார்கள்.

என் அப்பாவும் அப்படித்தான். 1937இல், தன் பதினேழாவது வயதில், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். நாகையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் கடலில் நிற்கும். படகில் போய் ஏணியில் ஏற வேண்டும். அவர் போனது 'ரஜூலா'. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. பணக்காரர்களுக்கு அறை உண்டு, மற்றவர்களுக்குத் தளம்தான். பாயை விரித்த இடம் படுக்கை. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் ஊருக்குள் விடுவார்கள். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம், "மருந்துத் தண்ணியில குளிக்க வெச்சான். அந்த வாடை ஒரு வாரம் போகலை" என்பார்.

ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை வேறு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் கூலி முகாம்கள் இருந்தன. ஊருக்குள் வந்து ஆள் சேர்ப்பவர் கங்காணி. அவர் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார், பல நேரம் சொந்தக்காரராகவும் இருப்பார். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அந்தக் காலத்தில் மலேயாவில் ரப்பர் மரத்துக்குப் 'பால் மரம்' என்றும், வேலைக்குப் 'பால் வெட்டு' என்றும் பெயர். என் பெரியப்பா முறை ஒருவர் கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். அவர் வழியாகத்தான் தோட்ட வாழ்க்கை எனக்குத் தெரியும்.

விடியுமுன் சங்கு ஊதும். எல்லாரும் போய் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அதற்குப் 'பெரட்டு' என்று பெயர். இருட்டோடு உளியை எடுத்துக்கொண்டு போனால் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும், அப்போதுதான் பால் நன்றாக இறங்கும். மரத்தில் கட்டிய மங்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி நிறுவைக்குத் தூக்கிப் போக வேண்டும். பெண்களும் அதே வேலைதான் செய்தார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். 1937இல் ஒரு நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மறுவருடம் அதையும் குறைக்கப் போகிறார்கள் என்றதும், தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது.

வீடு என்பது நீளமான லயத்தில் ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும். அந்த அறைக்குள் நம் சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டார்கள். பின்னால் இருந்த ரெண்டு முழ மண்ணில் முருங்கைக் கொம்பு நட்டார்கள், கறிவேப்பிலை வைத்தார்கள். தோட்டத்து மூலையில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மன் என்றும் முனீஸ்வரன் என்றும் கும்பிட்டார்கள். கல்லுக்குக் கூரை வந்தது, பிறகு கட்டடம் வந்தது, வருடத் திருவிழா வந்தது. திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இப்படித்தான் ஒரு ரப்பர்க் காட்டுக்குள் நம்மூர் மாதிரி ஓர் ஊர் முளைத்தது.

ஊரென்றால் பள்ளிக்கூடம் வேண்டாமா? பினாங்கில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் 1816இலேயே தமிழ் வகுப்பு தொடங்கியிருந்தார்கள். தோட்டங்களுக்குச் சட்டம் வந்தது 1923இல்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். சட்டத்தைச் சொல்லிவிட்டார்கள், வாத்தியாருக்கு எங்கே போவது? கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ சிலேட்டைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். பாடநூல் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. காவிரியைக் கண்ணால் பார்த்தே இராத பிள்ளைகள் காவிரி பாயும் ஊர்களை ஒப்பித்தார்கள். முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெயர் தெரியாத வாத்தியார்கள் எனக்குக் குரு முறை. இன்றைக்கும் மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அரசாங்கத்தின் கல்வி முறைக்குள்ளேயே நடக்கின்றன. அதற்கு விதை போட்டவர்களில் அவர்களும் உண்டு.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் தோட்டத்துக்குப் போகவில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் சேர்ந்தார். சம்பளம் கொஞ்சம், சாப்பாடு கடையிலேயே, படுக்கை மாடியில் மூட்டைகளுக்கு நடுவில். வந்த புதிதில் ராத்திரியில் அழுதிருக்கிறார். அதை எங்களிடம் சொன்னதில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் இருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தால், நமக்கு முன்னால் வந்தவர்கள் தங்கள் ஏக்கத்தைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டி வைத்திருப்பது தெரியும். குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோவில். கொஞ்ச தூரத்தில் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் நாகூர் தர்கா. ஆமாம், நம் நாகூர் ஆண்டவர் பெயரில் பினாங்கிலும் ஒன்று, சிங்கப்பூரிலும் ஒன்று. நாகூரிலிருந்து போன மரைக்காயர்கள் ஊருக்கு ஓடி வர முடியாமல் ஊரையே அங்கே எழுப்பிவிட்டார்கள். நாகைக்குப் பக்கத்தில் பிறந்த அப்பா வியாழக்கிழமைகளில் அந்தத் தர்காவுக்குப் போய் நின்றுவிட்டு வருவாராம். "சாம்பிராணி வாசனை பட்டா நம்ம ஊர் மாதிரியே இருக்கும்" என்பார்.

ஆனால் பழைய ஊரை அங்கே கட்டிக்கொண்டால் மட்டும் போதாது. கடையில் உட்கார்ந்தால் மலாய்க்காரரும் வருவார், சீனரும் வருவார். அப்பா முதலில் கற்றது எண்கள். மலாயில் சத்து, துவா, தீகா. பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியனில் சிட், நோ, சா. விலை சொல்லவும் மீதிக் காசு கொடுக்கவும் தெரிந்தால் பாதி மொழி வந்த மாதிரி என்பார். மலாய் மொழியில் நம் சொற்கள் பல ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பெரிய ஆச்சரியம். கடைக்கு அங்கே 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பல்', பெட்டிக்குப் 'பெத்தி', கட்டிலுக்குக் 'காத்தில்', முதலுக்கு 'மோடால்'. நூற்றாண்டுகளுக்கு முன் வணிகம் செய்யப் போனவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த சொற்கள் அவை. "நான் போறதுக்கு முன்னாலேயே நம்ம பெட்டியும் கட்டிலும் அங்கே போயிடுச்சுடா" என்று சிரிப்பார்.

அந்தப் பக்கத்துச் சொற்களும் நம்மிடம் வந்தன. அங்குள்ள தமிழர் பேச்சில் முதலாளி 'தவுக்கே' ஆனார், மலாய்க் கிராமம் 'கம்பம்' ஆனது. சாப்பாடும் அப்படித்தான். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவடித் தண்டின் இரு முனையில் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றார்கள். அதுவே 'நாசி கண்டார்' என்று பெயர் பெற்றது. நாசி என்றால் சோறு, கண்டார் என்பது அந்தத் தோள் தண்டு. இன்று பினாங்குக்குப் போகிறவர்கள் எந்த இனமானாலும் அதைச் சாப்பிடாமல் திரும்புவதில்லை. நம் ரொட்டி அங்கே 'ரொட்டி சானாய்' ஆனது. பால் சேர்த்த தேநீரை உயரத் தூக்கி ஆற்றும் நம் டீக்கடை வித்தை 'தே தாரிக்' ஆனது. ஒரு சமூகம் வேரூன்றுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தன் பசிக்குச் செய்த சாப்பாடு அடுத்தவனுக்கும் அன்றாடச் சாப்பாடாகிவிட்டது.

பக்கத்துக் கடை ஒரு சீனருடையது. அவர் தினம் காலையில் கடை திறக்கும்போது அப்பாவைப் பார்த்து, "சூடா மாக்கான்?" என்று கேட்பாராம். மலாயில் "சாப்பிட்டாச்சா?" என்று அர்த்தம். நாமும் அப்படித்தானே கேட்போம்? "கண்ணு தெரியாத ஊருல ஒருத்தன் சாப்பிட்டியான்னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி நான் அழலை" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, மனசு வைத்தால் எங்கும் வாழலாம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனசு மட்டும் போதாது. நாடும் இடம் கொடுக்க வேண்டும். அங்கேதான் வரலாறு கொஞ்சம் கசக்கும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச்.நாதன் என்பவர் முன்னின்றார். தொழிலாளர் கேட்டவற்றில் கூலி உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. இன்னொன்றும் கேட்டார்கள். சைக்கிளில் போகும்போது எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் கூடாது. யோசித்துப் பாருங்கள். காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறான், தன் தோட்டத்துச் சாலையில் போகிறான், துரையைப் பார்த்ததும் குதித்து இறங்க வேண்டும். இறங்கி இறங்கி ஏறுகிறவனுக்கு அந்தச் சாலை எப்படிச் சொந்தமாகும்? அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். பினாங்கில் குண்டு விழுந்தது. கடை மூடியது. கடிதப் போக்குவரத்து அறுந்தது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அப்பாவிடமிருந்து ஒரு வரி வரவில்லை. என் பாட்டி, அப்பாவுக்காக வேண்டாத கோவில் இல்லை. அப்பா அந்தக் காலம் முழுக்க மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் வாழ்ந்திருக்கிறார். ஜப்பானியர் அச்சடித்த, வாழை மரம் போட்ட நோட்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, போர் முடிந்த அன்று அத்தனையும் வெறும் காகிதமானதைப் பார்த்திருக்கிறார். பெரியப்பாவைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை, 1942இலும் 1943இலும் காட்டுக்குள் போடப்பட்டது. தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். பெரியப்பா திரும்பி வந்தார். அவரோடு லயத்திலிருந்து போன பலர் திரும்பவில்லை. அவர் வாய்விட்டு இதைப் பேசிக் கேட்டதில்லை. ரயில் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. 1931 கணக்கெடுப்பின்போது மலாயாவில் இருந்த இந்தியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் அந்த மண்ணிலேயே பிறந்தவர். 1947இல் எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். நம் ஆட்கள் திரும்பிப் போகப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்த காலத்தில், பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். பெண்கள் போகத் தொடங்கிய பிறகு வந்த மாற்றம் இது. ஆண்கள் தனியாக இருந்தவரை அது பிழைக்கப் போன இடம். அடுப்பும் தொட்டிலும் வந்த பிறகு அது வீடு.

1957இல் நாடு விடுதலை பெற்றது. குறிப்பிட்ட ஆண்டுகள் வசித்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி பிறந்தது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி, பதிந்துகொள்ளுங்கள் பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழர்களை விடாமல் வற்புறுத்தினார். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் பத்திரிகை அலுவலகத்திலேயே ஏற்பாடு செய்தார். அவர் நம் திருவாரூர்க்காரர், 1924இல் போனவர். 1935இல் பத்திரிகை தொடங்கியவர். 1952இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் என்று எல்லாத் தமிழரையும் ஒன்று கூட்டியவர். தமிழைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே மனிதர்தான், இருக்கும் நாட்டின் குடிமகனாகு என்றும் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் நினைக்கவில்லை.

அப்பா படிவம் வாங்கினார். நிரப்பவில்லை.

ஏன் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டா திரும்பி வரமாட்டேன்னு உங்க அம்மா நினைச்சுக்குவாளே" என்றார். அம்மாவால் அங்கே போக முடியவில்லை. பாட்டி படுக்கையில், நிலம் கவனிக்க ஆளில்லை. 1953க்குப் பிறகு குடியேற்ற விதிகளும் இறுகிவிட்டன. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை அப்பா வருவார், மூன்று மாதம் இருப்பார், போய்விடுவார். நான் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எட்டு வயதில் நான் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்று பெட்டியில் இருந்தது. "அங்கேயே இருந்துவிடாதீர்கள் அப்பா" என்று குண்டுக் குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறேன். வெற்றுப் படிவமும் அந்தக் கடிதமும் ஒரே உறையில் இருந்தன.

பினாங்கு மாடியில் அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தார். ஒரு அலமாரி வாங்கவில்லை. சட்டை வேட்டி எல்லாம் அந்தப் பச்சைப் பெட்டியில்தான். "போற ஆளுக்கு அலமாரி எதுக்கு?" என்பாராம்.

1969இல் அங்கே கலவரத்துக்குப் பிறகு, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரக்கணக்கானோர் ஊர் திரும்ப நேர்ந்தது. அப்பாவும் 1970இல் 'ரஜூலா'வில் வந்து இறங்கினார். போன கப்பலிலேயே, போன பெட்டியோடு. வயது ஐம்பது.

எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அவருக்கு அப்படி இல்லை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. காலை ஐந்து மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார், திறக்கக் கடை இல்லை. காப்பியில் டின் பால் தேடுவார். சில்லறை எண்ணும்போது வாய் தன்னால் சத்து, துவா, தீகா என்று முணுமுணுக்கும். தலைவலிக்குக் கோடாலித் தைலம் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அங்கே இருந்தவரை அவரைத் தஞ்சாவூர்க்காரர் என்றார்கள். இங்கே வந்ததும் எங்கள் ஊர் அவருக்கு வைத்த பெயர் மலேயாக்காரர்.

வந்து ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவோடு கடையில் வேலை பார்த்த ஒருவர், அங்கேயே குடியுரிமை வாங்கிக் குடும்பமாகிவிட்டவர், எழுதியிருந்தார். கடை நிலவரம், விலைவாசி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "அண்ணே, பக்கத்துக் கடைச் சீனர் தினமும் கடை திறக்கும்போது உங்களைப் பற்றிக் கேட்கிறார், நீங்கள் சாப்பிட்டாச்சா என்று."

அப்பா அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நெடுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கிணற்றடியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

இப்போது என் மாணவிக்குச் சொல்கிறேன்.

அம்மா, ஒரு ஊர் எந்தத் தேதியில் நம் ஊராகிறது என்று கேட்டாய். அப்படி ஒரு தேதி கிடையாது. அது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. அப்பா அந்தத் தெருவில் எப்போதோ வேரூன்றிவிட்டார். அந்தத் தெருவுக்கு அது தெரிந்திருந்தது, சீனருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கு மட்டும், விட்டுவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளை ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கழித்துவிட்டார்.

உன் நிலைமை அவருடையது போல இல்லை. உன்னை யாரும் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லவில்லை. உன் கணவரும் பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறார்கள். நாளைக்கு நீங்கள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இருக்கும் நாளை இருந்து வாழ். அந்த ஊர்க் கடைக்காரரிடம் அவர் மொழியில் பத்து எண்கள் சொல்லப் பழகு. சன்னலோரம் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைக்க முடியுமா பார். பிள்ளைக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடு, அவன் கொண்டுவரும் ஜெர்மன் பாட்டையும் காது கொடுத்துக் கேள். பக்கத்து வீட்டுக்காரர் உன்னைக் கேட்காவிட்டால் நீ முதலில் கேள், சாப்பிட்டாச்சா என்று.

அப்புறம், உன் அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அவர்களும் இதைப் படிப்பார்கள். பிள்ளைகள் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "எப்போ வர்றே, எப்போ வர்றே" என்று கேட்காதீர்கள். கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றும், என் மகளும் வெளிநாட்டில்தான் இருக்கிறாள். ஆனால் நான் எட்டு வயதில் அறியாமல் எழுதிய ஒரு வரி ஒரு மனிதரின் பெட்டியைப் பூட்டி வைத்தது. அறுபது எழுபது வயதில் நாம் அறிந்தே அதைச் செய்யக் கூடாது. "அங்கே இன்னைக்கு என்ன சமைச்சே?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள்.

அந்தப் பச்சைப் பெட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. அதில் என் பழைய பாடக் குறிப்புகளை வைத்திருக்கிறேன். போன வாரம் அதைப் புகைப்படம் எடுத்து அந்த மாணவிக்கு அனுப்பி, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். நேற்றுப் பதில் வந்தது. "பிரிச்சுட்டேன் சார். அடியில அம்மா வெச்ச வத்தல் பொட்டலம் இருந்தது. நமத்துப் போகலை."

உங்கள் வீடுகளிலும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய் வந்த தாத்தாக்கள், பாட்டிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் அங்கே என்ன சாப்பிட்டார்கள், யாரோடு பேசினார்கள் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். பாடநூலில் இல்லாத வரலாறு அதுதான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்